வளையம் வைத்த வெள்ளி ரூபாய்க்கு என்ன விலை?

‘‘என் மாமியார் விட்டுப்போன சுருக்குப்பையில் 14 வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. காசுமாலை கோப்பதற்காக எல்லாவற்றிலும் வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பாலாற்றை ஒட்டிய எங்கள் நிலத்தில் உழுதபோது, பச்சை பிடித்த செப்புக்காசுகள் சிலவும் கிடைத்தன. அடகுக்கடையில், ‘சேதமான காசு’ என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். செல்போனில் பேசிய ஒருவரோ, ‘2 லட்சம் தருகிறோம். முதலில் 3,500 ரூபாய் பதிவுக்கட்டணம் கட்டுங்கள்’ என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இவற்றை விற்கலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மாதனூர்.

முதலில், அந்த 3,500 ரூபாயைக் கட்டாதீர்கள். பொருளை வாங்குபவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் வியாபாரி அல்ல. பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லி, தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் மாதம் எச்சரித்திருக்கிறது.

உங்களிடம் இருப்பவை இரண்டு வகை. வீட்டில் இருந்தவை வேறு. மண்ணிலிருந்து வந்தவை வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டுவைக்க வேண்டாம்.

வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரையிலான வெள்ளைக்காரர் கால ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம். அதாவது, ஒரு தோலா. அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். 14 காசும் அந்தக் காலத்தவை என்றால், ஏறக்குறைய 150 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் உங்கள் அடிப்படை விலை. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-ம் ஆண்டு ரூபாய் நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது.

வளையம் வைத்ததாலோ, துளை போட்டதாலோ வெள்ளி எங்கும் போய்விடுவதில்லை. குறைவது, நாணயம் சேகரிப்பவர்கள் கொடுக்கும் கூடுதல் விலைதான். சேதமில்லாத காசுக்கு அவர்கள் கொடுப்பதில் ஒரு பங்குதான் இதற்குக் கிடைக்கும். அதற்காக வளையத்தை நீங்களே பிடுங்க வேண்டாம், தழும்புதான் மிஞ்சும். வளையமும் பற்றும் போக எவ்வளவு எடை என்பதைக் கடைக்காரர் உங்கள் கண்ணெதிரே கணக்குப் போடட்டும். 1939 என்ற ஆண்டு தெரிந்தால் மட்டும் அதைத் தனியே வையுங்கள். அந்த ஆண்டு ரூபாய் அரிது. கடைசி எண்ணைத் திருத்திய போலிகளும் உண்டு என்பதால், நாணய வியாபாரி இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

சேதம் போலத் தெரிவதெல்லாம் சேதமும் அல்ல. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா, நாணயச் சாலையிலேயே ஓட்டையோடு அடிக்கப்பட்டது. பாரசீக எழுத்துள்ள ஆற்காடு ரூபாயில் ஓரத்து எழுத்துகள் பாதியாக நிற்கும். அச்சு பெரியது, காசு சிறியது என்பதே காரணம். அதன்மேல் உள்ள சின்னச் சின்னக் குத்துகள், வெள்ளி நல்லதா என்று பார்க்க அந்தக் கால நாணயம் மாற்றுவோர் போட்ட அடையாளங்கள்.

இப்போது செப்புக்காசுகள். நம் பகுதியில் தோல் பதனிடும் உப்பு மண்ணை என்ன செய்கிறது என்பது உங்களுக்கே தெரியும். செம்பையும் அது விடுவதில்லை. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம். தொட்டால் மாவு போல உதிரும் வெளிர்பச்சைதான் நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து காசைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். புளி, எலுமிச்சை, சாம்பல் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். உப்புள்ள போர்வெல் தண்ணீரிலும் கழுவாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் மடித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

‘எவ்வளவு பழையதோ அவ்வளவு விலை’ என்றும் நினைக்க வேண்டாம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ம் ஆண்டுச் செப்புக்காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809-ல் இங்கிலாந்துக் கடலோரத்திலேயே மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். 200 ஆண்டு பழையதுதான். ஆனால், எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்றும் மலிவாகவே கிடைக்கிறது.

நிலத்தில் கிடைத்ததை விற்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், பங்கும் போய்விடும். தெரிவித்தால் பறித்துக்கொள்வார்கள் என்ற பயம் வேண்டாம். உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு 4-ல் 3 பங்கு, நில உரிமையாளருக்கு ஒரு பங்கு. உங்கள் நிலத்தில் நீங்களே எடுத்தது என்றால், இரண்டும் உங்களுக்குத்தான். அரசே எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் 5-ல் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது எந்தக் காலத்துக் காசு என்று அறிய, வேலூர் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் கேட்கலாம்.

ஆக, கல்லூரிக் கட்டணத்துக்கு வெள்ளி ரூபாய்களை மட்டும் கணக்கில் வையுங்கள். ஆண்டு, எடை, இருபுறமும் எடுத்த புகைப்படம் ஆகியவற்றோடு ஒரு பட்டியல் எழுதி, அன்றைய வெள்ளி விலையைக் குறித்துக்கொண்டு, மூன்று கடைகளிலாவது விலை கேளுங்கள். எடைக்கல்லைக் காட்ட மறுக்கும் கடையை விட்டு அப்போதே வெளியே வந்துவிடுங்கள்.