மூலம் என்று முடிவு கட்டும் முன்

மூலம், பௌத்திரம் அறுவையின்றித் தீரும் என்னும் விளம்பரம் இல்லாத சுவர் நம் ஊர்களில் அரிது. ஆசனவாயில் குருதி கசிந்தால் அது மூலமே என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஆண்கள் பரிசோதனையின்றி அத்தீர்ப்பை ஏற்கலாகாது என்பதே என் கருத்து.

பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸே, குறிப்பாக அதன் 16ஆம் வகை, ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் முதன்மைக் காரணம். நலமுள்ள உடல் அதனைப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடும். எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் அது நிலைத்துத் தங்கும். ஏ.ஆர்.டி. மருந்து எச்.ஐ.வி.யை அடக்கினாலும், முன்பே வேரூன்றிய எச்.பி.வி.யை அகற்றுவதில்லை. பொதுமக்களில் ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் இப்புற்றுநோய், எச்.ஐ.வி. தொற்றுடன் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 85 பேருக்கு வருகிறது என்பது பன்னாட்டு ஆய்வுகளின் கணக்கு. வேலூரிலும் மும்பையிலும் இத்தகைய ஆண்களிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளிவந்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எச்.பி.வி. காணப்பட்டது. வைரஸ் இருப்பதனாலேயே புற்றுநோய் வந்துவிட்டதாக அஞ்ச வேண்டா. பலருக்கு அது வருவதே இல்லை.

அமெரிக்காவில் 35 வயதைக் கடந்த, எச்.ஐ.வி. உள்ள 4,400க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. புற்றுக்கு முந்தைய மாற்றங்களை அகற்றினால் நோய் பாதிக்கு மேல் குறைகிறது என்று அது காட்டியது. அம்மாற்றங்களைக் கண்டறியும் நுண்நோக்கிக் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டுமா? கையுறையணிந்த விரலால் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. சிறு கட்டியை அது காட்டிக்கொடுக்கும். தொடக்கத்திலேயே கண்டால், பெரும்பாலோர்க்குக் கதிர்வீச்சும் மருந்துமே போதும். வயிற்றில் மலப்பை பொருத்தும் நிலை பெரும்பாலும் நேராது.

தலைச்சோலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஒரு நாள் கூலியை இழந்து, மாத்திரை வாங்கச் சேலம் வருபவரை இச்சோதனைக்கென மற்றொரு நாள் வரச் சொல்வது முறையன்று. மாத்திரை வாங்கும் நாளிலேயே, ஆண்டுக்கு ஒருமுறையேனும், மருத்துவர்களாகிய நாங்களே கேட்டுச் செய்தல் வேண்டும். நோயாளி வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பது எங்கள் கூச்சமேயன்றி, அவருக்குக் காட்டும் மரியாதை ஆகாது.

உடனிருந்து பேணும் குடும்பத்தாருக்கு ஒன்று. இச்சோதனையை மருத்துவர் பரிந்துரைத்தார் என்பதனால் நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிக்கத் தொடங்காதீர்கள். ஆசனவாய் வழி உறவே இல்லாதவர்க்கும் இவ்வைரஸ் அங்குப் பரவக்கூடும். தவிர, எச்.ஐ.வி. நிலையை வெளியிடுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற ஆணை மட்டுமே விலக்கு.

வீட்டில் 9 முதல் 26 வயது வரையுள்ள பிள்ளைகள் இருப்பின், எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். 2022இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற செர்வாவேக், ஆண் பிள்ளைகளுக்கும் உரியது.

குருதிக் கசிவு, ஆறாத புண், தடிப்பு, அரிப்பு, மலங்கழிக்கையில் வலி: இவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த வருகையில் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாயின் ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும்.