காரின் வயதைக் கேட்காதீர்கள், குழாயின் வயதைக் கேளுங்கள்

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு என்ன வயது?

"பதினாறு" என்பார் ஒருவர். "அப்பா வாங்கும்போதே அது பழைய கார்தான்" என்று சிரிப்பார் இன்னொருவர். நம்மில் பலருடைய வீட்டில் நிற்பது பழைய கார்தான். அதில்தான் அம்மா வேலைக்குப் போகிறார். அதில்தான் நீங்கள் டியூஷனுக்குப் போகிறீர்கள். அது ஒரு வாரம் படுத்துக்கொண்டால் வீடே படுத்துவிடும்.

பழைய காரைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "அந்தக் காலத்து இரும்பு, இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்பது ஒரு கட்சி. "பத்து வருஷம் ஆனால் தள்ளிவிட வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் தவறு என்பது என் கருத்து. காருக்கென்று ஒரே வயது கிடையாது. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வயது உண்டு. இதை அறியாத குடும்பம் நல்ல காரை விற்றுவிட்டு 9 ஆண்டுக் கடனில் மாட்டிக்கொள்ளலாம். அல்லது ஆபத்தான காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாம்.

இந்தப் பாடத்தை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, சாலையோரத்தில்.

தாப்பாவில் நின்ற கார்

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு திருமணம். கிள்ளானிலிருந்து அதிகாலையில் குடும்பத்தோடு புறப்பட்டோம். காருக்கு அப்போது 14 வயது. என்ஜின் சத்தம் புதுக் கார் போல இருக்கும். எண்ணெய் மாற்றுவதில் நான் ஒரு முறைகூடத் தவறியதில்லை. அந்தப் பெருமையோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தாப்பாவை நெருங்கும்போது வெப்பமானி முள் சரசரவென்று மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தினேன். முன் மூடியின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுநீரைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது.

பட்டறையில் மெக்கானிக் அந்தக் குழாயைக் கழற்றி மடக்கிக் காட்டினார். வளைய வேண்டிய ரப்பர், காய்ந்த முருங்கைக்காய் போல உடைந்தது. "அண்ணே, என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லவேளை, உடனே நிறுத்திட்டீங்க. இந்தக் குழாயைத்தான் கார் செய்த நாளிலிருந்து யாரும் மாற்றவே இல்லை போல" என்றார்.

தாலி கட்டும் நேரத்தில் நாங்கள் தாப்பாவில் உட்கார்ந்திருந்தோம். முள் ஏறியதைக் கவனிக்காமல் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ஜினின் மேல்பகுதி வளைந்து, காரின் விலைக்குச் சமமான செலவு வந்திருக்கும். இத்தனைக்கும் காரணம் மிகச் சில வெள்ளி விலையுள்ள ஒரு குழாய்.

காருக்குள் இரண்டு கடிகாரங்கள்

ஒரு காருக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கிலோமீட்டர் கடிகாரம். பிரேக் பட்டை, கிளட்ச், பேரிங், என்ஜினின் உள்பாகங்கள் எல்லாம் உராய்வதால் தேய்கின்றன. கார் நின்றால் இந்தத் தேய்மானமும் நின்றுவிடும்.

மற்றொன்று ஆண்டுக் கடிகாரம். கார் ஓடினாலும் நின்றாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், திரவங்கள், பேட்டரி ஆகியவை இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை.

ரப்பர் ஏன் கிழடாகிறது? அதன் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. அந்த நூல்களை இடையிடையே பிணைத்துத்தான் ரப்பருக்கு உறுதி கொடுக்கிறார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து அந்த அமைப்பை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. சில இடங்களில் நூல் அறுந்துபோகிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் பிணைந்துகொள்கிறது. கடைசியில் ரப்பர் இறுகி, வெடிப்பு விட்டு, பிளக்கிறது.

இங்கேதான் உங்கள் படிவம் 4 வேதியியல் வருகிறது. பள்ளியில் 'காடார் திண்டாக் பாலாஸ்' என்று படிக்கிறீர்களே, அதே வினைவேகம்தான். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. அப்படியானால் 30 பாகை உயர்ந்தால்? 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு. நம் நாட்டு வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரின் முன் மூடிக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். குளிர்நாட்டில் எழுதிய ஆயுள் கணக்கை அப்படியே இங்கே நம்ப முடியாது.

இப்போது ஒரு கேள்வி. 10 வயதான இரண்டு கார்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று 250,000 கிலோமீட்டர் ஓடியது. எப்போது எதை மாற்றினார்கள் என்பதற்கு முழுக் குறிப்பு உண்டு. மற்றொன்று 50,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. பெரும்பாலும் வெயிலில் நின்றது. குறிப்பு எதுவும் இல்லை. எதை வாங்குவீர்கள்?

பலர் இரண்டாவது காரைத்தான் கேட்பார்கள். நான் முதலாவதைத்தான் பார்ப்பேன். இரண்டாவது காரின் கிலோமீட்டர் கடிகாரம் இளமையாக இருக்கலாம். ஆனால் அதன் குழாய்களுக்கும் டயர்களுக்கும் பத்து வயது முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்கு மட்டும் போய் வந்த காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால், உள்ளே சேரும் நீர் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத முதுமை

பிளந்த குழாய் ஆவி விட்டுக் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுக்காத பாகங்களும் உண்டு.

பிரேக் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்தத் திரவம்தான். பாஸ்கல் தத்துவத்தின் வீட்டு உதாரணம் இது. பெரும்பாலான கார்களில் பயன்படும் கிளைக்கால் வகை எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டோட் 3 என்ற தரத்தின்படி, புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை இருக்க வேண்டும். அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகை வரை இறங்க அந்தத் தரம் இடம் தருகிறது. அவ்வளவு சிறிய அளவு நீருக்கு அவ்வளவு பெரிய இறக்கம்!

தாமானுக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கும்போதுதான் தெரியும். எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். மிதிப்பான் தரை வரைக்கும் இறங்கும், கார் நிற்காது.

இதைவிடக் கசப்பான உதாரணம் தக்காட்டா காற்றுப்பை. ஜப்பானின் தக்காட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளை விரிக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்பட்டது. வெப்பமும் ஈரமும் பல ஆண்டுகள் தாக்கியதில் அந்த வெடிமருந்து தன் தன்மையை இழந்தது. விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோக உறையையே பிளந்து, துண்டுகளைப் பயணிகள் மீது பாய்ச்சியது. உயிர்காக்க வைத்த பொருளே உயிரை எடுத்தது. 2014-இல் சரவாக்கில் ஒரு பெண் இப்படி இறந்தார். அதற்குப் பிறகும் நம் நாட்டில் உயிர்கள் போயின. உலகெங்கும் சுமார் 10 கோடிக் காற்றுப்பைகளை மாற்ற அழைப்பு விடுக்கப்பட்டது. 2017-இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது.

அந்தக் கார்கள் பளபளப்பாகத்தான் இருந்தன. என்ஜினும் நன்றாகத்தான் ஓடியது. கார் ஓடுகிறது என்பது வேறு, நம்பலாம் என்பது வேறு.

அப்படியானால் தள்ளிவிடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்றோர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். 1966-இல் ஒரு வோல்வோ கார் வாங்கினார். 2013-இல் அதே கார் 30 இலட்சம் மைல், அதாவது சுமார் 48 இலட்சம் கிலோமீட்டரைத் தொட்டது. அவரிடம் மந்திரம் எதுவும் இல்லை. கையேடு சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தார், வயதான பாகத்தை அது உடையும் முன் மாற்றினார். உலோகத்துக்குப் பொறுமை அதிகம். அதைச் சுற்றியுள்ள ரப்பரையும் திரவத்தையும் நாம் கவனித்தால் போதும்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும், 1990-ஆம் ஆண்டுகளின் சிறிய கார் ஒன்று மோதலில் இன்றைய காரைப் போல உங்களைக் காக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக், வலுவான கூடு, பல காற்றுப்பைகள் ஆகியவை பின்னால் வந்தவை. பழுதாகாமல் ஓடுவதும் மோதலில் காப்பதும் வெவ்வேறு குணங்கள். வசதி இருப்பவர்கள் இதையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. அதனால்தான் இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, நாட்டின் பிரச்சினையும்கூட. 2009-இல் நம் அரசாங்கம் 15 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்தது. பழைய காரையே நம்பியிருந்த மக்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் டாக்சி, பேருந்து, லாரி போன்றவைதான் குறித்த காலத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகின்றன. தனியார் கார், பெயர் மாற்றம் போன்ற சில வேளைகளில் மட்டுமே போகிறது. பக்கத்துச் சிங்கப்பூரிலோ 3 ஆண்டுகளைத் தாண்டிய கார் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், 10 ஆண்டுகளைத் தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகிறது.

மக்களின் பயம் நியாயமானது. ஏழையின் காரைப் பிடுங்கும் சட்டம் எனக்கும் வேண்டாம். ஆனால் பயந்து பரிசோதனையையே கைவிட்டது சரியல்ல. காரைத் தடைசெய்வதற்காக அல்லாமல், பிரேக், டயர், குழாய், காற்றுப்பை ஆகிய நான்கை மட்டும் குறைந்த கட்டணத்தில் பார்த்து, "இதை மாற்றுங்கள்" என்று சொல்லும் ஒரு பரிசோதனை வேண்டும். அதற்கு ஆகும் செலவு, நெடுஞ்சாலையில் நின்ற காரை இழுத்துவரும் செலவைவிடக் கூடாது.

இந்தச் சனிக்கிழமை

சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக்கொண்டு கார் அருகே போங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும், 10 ஆண்டு ஆனதை மாற்றச் சொல்கின்றன பல டயர் நிறுவனங்கள்.

என்ஜின் முழுதும் ஆறிய பிறகு குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இறுகியிருந்தாலும், களி போலக் குழைந்திருந்தாலும், வெடிப்பு தெரிந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும்.

பிரேக் எண்ணெய், குளிர்விப்பு நீர், டைமிங் பெல்ட் ஆகியவற்றைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். "ஞாபகம் இல்லையே" என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள். அதுதான் மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பிறகு காரின் சேசிஸ் எண்ணைக் கொண்டு, காற்றுப்பை மாற்றும் அழைப்பு ஏதும் உண்டா என்று தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடுங்கள். அழைப்பு இருந்தால் அதை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

என் வீட்டிலும் இப்போது அப்படியொரு நோட்டு இருக்கிறது. தாப்பாவில் நின்ற அதே கார்தான் இன்றும் ஓடுகிறது. அந்த நோட்டின் முதல் வரி: "மேல் ரேடியேட்டர் குழாய், புதியது." உங்கள் நோட்டின் முதல் வரி என்னவாக இருக்கும்? சனிக்கிழமை பார்த்துவிட்டு எழுதுங்கள்.