மணலை அங்கேயே விட்டுவிடுங்கள்

கோடை விடுமுறைக்கு இத்தாலியின் சார்டீனியா தீவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே லா பெலோசா கடற்கரையில் கோடையில் நாளொன்றுக்கு 1,500 பேருக்குத்தான் அனுமதி, கட்டணம் 3.50 யூரோ. துண்டை நேராக மணலில் விரிக்கக் கூடாது, அடியில் பாய் வேண்டும். ஈரத் துண்டில் ஒட்டி மணல் போய்விடுகிறதாம்! "கடலுக்குமா டிக்கெட்?" என்கிறான் என் பேரன். எனக்கென்னவோ இது சரியென்றே படுகிறது. அத்தீவின் வடகிழக்கே புதெல்லி என்று ஒரு குட்டித் தீவு. நுண்ணிய கடலுயிர்களின் ஓட்டுத் துகள் கலந்து அதன் மணல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு பிடிதானே என்று ஆளாளுக்கு அள்ளினார்கள். 1990களிலேயே அந்த மணலில் கால் வைக்கத் தடை வந்துவிட்டது. இப்போது சார்டீனியாவில் எங்கே மணல் அள்ளினாலும் 3,000 யூரோ வரை அபராதம். வாத்தியாருக்கு என்று புட்டியில் மணல் எதுவும் கொண்டுவர வேண்டாம். போட்டோ அனுப்புங்கள், போதும்.