ரெண்டு திசை, ஒரு முதுகு

ஞாயிற்றுக்கிழமை. அக்கா பையன் (வயது 14) பந்து போடுகிற அழகைப் பார்க்கப் போனேன். ஓடி வந்தான், எகிறினான், போட்டான். ஸ்டம்ப் பறந்தது. எல்லோரும் கை தட்ட, இவன் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா, லேசா வலி. பழகிடுச்சு."

இந்த 'பழகிடுச்சு'தான் ஆபத்து. மறுபடி போடச் சொல்லாமல், சும்மா செய்து காட்டச் சொன்னேன். இடுப்பு பேட்ஸ்மேனை நேராகப் பார்க்கிறது. தோள் பக்கவாட்டில் நிற்கிறது. நடுவில் முதுகெலும்பு, ஈரத்துணி மாதிரி பிழியப்படுகிறது. இதற்கு 'மிக்ஸட் ஆக்‌ஷன்' என்று பெயர். வளர்கிற எலும்பில் இதனால் மெல்லிய விரிசலே விழலாம்.

டென்னிஸ் லில்லிக்கே 1973-ல் முதுகெலும்பில் விரிசல். ஆக்‌ஷனைச் சீர்செய்து திரும்பி வந்து, மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட்டோடுதான் ஓய்ந்தார். பிறகு 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

வைத்தியம் எளிது, பொறுமைதான் கஷ்டம். இடுப்பும் தோளும் ஒரே திசை பார்க்க வேண்டும், நேராகவோ, பக்கவாட்டிலோ. முதலில் நின்ற இடத்தில், அப்புறம் நாலடி நடந்து, கடைசியில்தான் ஓட்டம். வலி இருக்கும்வரை பந்தைத் தொடவே கூடாது.

"அப்ப டீம்ல எடுக்க மாட்டாங்களே மாமா?"

"இந்த வருஷம் எடுக்க மாட்டாங்க. முதுகு போனா எந்த வருஷமும் எடுக்க மாட்டாங்க."

முறைத்தான். நாளைக்கு எலும்பு டாக்டர். நான் பி.காம்.; ஃபீஸை என் செலவில் எழுதிக்கொள்கிறேன். முதுகு அவன் வரவில் இருக்கட்டும்.