மெஷின் வாங்கியாச்சு... மாட்டினா தூக்கம் வரலையா? ஸ்லீப் அப்னியா சிகிச்சையில் முதல் சில வாரங்களைத் தாண்டுவது எப்படி?

சென்ட்ரலில் இருந்து புறப்படும் ரயில்களின் பெட்டிகள் பராமரிக்கப்படும் இடம் பேசின் பிரிட்ஜ். ரயில்வே, துறைமுகம், லாரி, தொழிற்சாலை என வடசென்னையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஏராளம். பகலில் கண் சொக்கினால், 'ஷிப்ட் அலுப்பு' என்று விட்டுவிடுவார்கள். கூடவே பலத்த குறட்டையும் இருந்தால், அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம்.

என்ன ஆபத்து?

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். குறைந்தது 10 விநாடி மூச்சு தடைபடும், மூளை தட்டி எழுப்பும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நடந்தால் தீவிர பாதிப்பு. 2013 டிசம்பர் 1-ல் நியூயார்க்கில் ரயில் தடம்புரண்டு 4 பேர் இறந்தனர். ஓட்டுநர் கண் அயர்ந்ததே காரணம். அவருக்கு இந்த நோய் இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெஷின் என்ன செய்யும்?

'சிபாப்' மெஷின் ஆக்சிஜன் தருவதில்லை. சாதாரணக் காற்றையே அழுத்தத்தோடு செலுத்தி, மூச்சுப்பாதை மூடாமல் பார்த்துக்கொள்ளும். மாட்டியிருக்கும் வரைதான் பலன். கழற்றினால் அடைப்பு திரும்பிவிடும். அதனால்தான் தினமும் குறைந்தது 4 மணி நேரம் என்பதை மருத்துவர்கள் அளவுகோலாக வைக்கிறார்கள். தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால் இன்னும் நல்லது.

பலர் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

* மூச்சுமுட்டுதா? பகலில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்க. மெல்லத் தொடங்கி அழுத்தம் கூடும் 'ராம்ப்' வசதி இருக்கானு பாருங்க.
* காற்று கசியுதா? படுத்த நிலையில் பட்டையைச் சரிசெய்யுங்க. ரொம்ப இறுக்கினாலும் கசியும். தாடி, மீசையும் காரணமாகலாம். வேறு அளவு மாஸ்க் கேளுங்க.
* வாய் வறண்டு போகுதா? வாய் திறந்து தூங்குறீங்களானு கவனிங்க. ஹியூமிடிஃபையர், வாயையும் மூடும் மாஸ்க் உதவும். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்க.
* அழுத்த அளவை மட்டும் நீங்களே மாற்றாதீங்க. அதை மருத்துவர்தான் முடிவு செய்யணும்.

நைட் ஷிப்ட், கரண்ட் கட்?

பகலில் தூங்கினாலும் மெஷின் கட்டாயம். குட்டித் தூக்கத்துக்கும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் இன்வெர்ட்டர் அல்லது பேட்டரி பற்றி மழைக்காலத்துக்கு முன்பே விசாரிச்சு வைங்க. ஹியூமிடிஃபையரை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். மெஷின் நின்றுபோனால் மாஸ்க்கைக் கழற்றிட்டு, ஒருக்களித்துப் படுங்க. அன்று மது, தூக்க மாத்திரை வேண்டாம்.

எப்போ டாக்டரிடம் போகணும்?

இரண்டு வாரம் முயன்றும் முடியலைன்னா மெஷினைப் பரண் மேல் போடாதீங்க. அதில் பதிவாகும் பயன்பாட்டு விவரத்தோடு நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. பல நேரம் மாற்ற வேண்டியது சிகிச்சையை அல்ல, மாஸ்க்கைத்தான். பகல் தூக்கம் தீரும்வரை ஸ்டியரிங் பிடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.