பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

‘அந்த மாதிரிப் பொம்பளைங்களாலதான் எய்ட்ஸ் பரவுது.’ டீக்கடையிலும் கேட்கலாம், டாக்டர் அறை வாசலிலும் கேட்கலாம். சரி, அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுத்தது யார்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்தம் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டது. ஆறு பெண்களுக்குத் தொற்று. போலீஸ் பிடித்துவந்து அரசு காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்கள் அவர்கள். மருத்துவர்கள் மேல் குறையில்லை. அவர்கள் அன்று தேடியிராவிட்டால் நாம் இன்னும் தாமதமாக விழித்திருப்போம். ஆனால் அந்தப் பெண்களிடம் போன ஆண்களை யாரும் எந்தக் காப்பகத்திலும் அடைக்கவில்லை. அவர்கள் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுக்கவும் ஆளில்லை. நோய் கண்ணில் பட்ட இடத்தையே அது பிறந்த இடமாக்கிவிட்டது ஊர். தண்டனை முடிந்த பிறகும், தொற்று இருக்கிறது என்பதற்காகவே சில பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது.

‘அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பது இதே பழியின் நாகரிகமான வடிவம். ஆணுறைப் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும் என்று நம் வீட்டு ஆண்களுக்கு அவள் வகுப்பெடுப்பாள். உறை வேண்டாம் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் வருகிற ஆள்தான். ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்பான், கூடுதலாகப் பணம் தருவதாகச் சொல்வான், குடித்திருந்தால் கையை ஓங்குவான். அவள் முடியாது என்றால் பக்கத்து அறைக்கதவைத் தட்டுவான். அந்த ஒரு நிமிடப் பேரத்துக்குள் அறை வாடகையும் பிள்ளையின் ஸ்கூல் பீஸும் கந்துவட்டிக்காரனும் நிற்கிறார்கள். பிறகு அதே ஆள் வீட்டுக்குப் போகிறான். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத எத்தனையோ மனைவிகளுக்குத் தொற்று வந்தது இப்படித்தான்.

இந்தப் பேரத்தின் கணக்கைப் புரிந்துகொண்டவர் டாக்டர் ஸ்மரஜித் ஜனா. 1992-இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் எய்ட்ஸ் தடுப்புப் பாடம் நடத்த அவர் வெளியாட்களைக் கொண்டுவரவில்லை. அங்கே தொழில் செய்த பெண்களையே சேர்த்துக்கொண்டார். 1995-இல் அந்தப் பெண்களின் ‘தர்பார்’ சங்கமும் ‘உஷா’ கூட்டுறவுச் சங்கமும் பிறந்தன. சொந்தச் சேமிப்பு வந்ததும் வட்டிக்காரனின் பிடி தளர்ந்தது. உறை இல்லாமல் ஆகாது என்று தெருவே சொல்லும்போது பக்கத்து அறை என்கிற மிரட்டல் எடுபடாது. தாய்லாந்திலும் 1989-இல் ராட்சபுரியில் தொடங்கி, 1991-இல் நாடு முழுக்கப் பாலியல் விடுதிகளில் ஆணுறையைக் கட்டாயமாக்கினார்கள். மீறினால் விடுதிக்குத்தான் சிக்கல். அந்தத் திட்டத்தில் பெண்கள் மேல் அதிகாரிகளின் கெடுபிடியும் இருந்தது, அதை நான் மெச்சவில்லை. ஆனால் உறை வேண்டாம் என்பவனுக்குப் போக வேறு இடமில்லாமல் செய்ததில் விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் சுகாதாரத் துறை இலவசமாகக் கொடுத்த ஆணுறையை, ரெய்டில் போலீஸ் கைப்பையிலிருந்து எடுத்து எண்ணி, வழக்குக்குச் சாட்சிப் பொருளாக்கியது. கைப்பையில் உறை இருந்தால் கேஸ், இல்லாவிட்டால் நோய். உறை வைத்திருப்பது குற்றமும் அல்ல, குற்றத்துக்கான ஆதாரமும் அல்ல என்பதை உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் 2022 மே மாதத்தில். அந்த உத்தரவை எத்தனை ஸ்டேஷன்களில் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டால், ‘அவங்களாலதான் பரவுது’ என்பவர்களிடம் பதில் இருக்குமா?