காவல் வேறு, வேவு வேறு

நந்தனம் என்பது இந்திரனுடைய தோட்டத்தின் பெயர். அந்த இந்திரனுக்கு உடம்பெல்லாம் ஆயிரம் கண்கள் என்று நாம் பாட்டியிடம் கதை கேட்டிருக்கிறோம். அந்தக் கண்கள் அவனுக்கு எப்படி வந்தன என்பதைத்தான் மறந்து விடுகிறோம். கௌதம முனிவரின் வீட்டுக்குள் அவன் திருட்டுத்தனமாக நுழைந்தான். முனிவரின் சாபத்தால் அவன் மேனியெல்லாம் வடுக்கள் தோன்றின. தேவர்கள் இரங்கி மன்றாடிய பிறகு அந்த வடுக்களே கண்களாயின. ஆயிரம் கண் என்பது அவன் பெற்ற பரிசு அல்ல. அடுத்தவன் வீட்டு அந்தரங்கத்தை அவமதித்ததற்காக அவன் சுமந்து திரிந்த தண்டனை.

சென்னையில் இருக்கும் நந்தனத்துக்கும் இப்போது கண்கள் முளைத்து விட்டன. வெங்கடநாராயணா சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் காலை வேளையில் நடந்து பாருங்கள். வாசலில் கோலம் இருக்கிறதோ இல்லையோ, நிலைப்படிக்கு மேலே ஒரு காமிரா இருக்கிறது. நாம் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை, அந்தஸ்தாக நினைக்கிறோம்.

ஊரே அப்படித்தான் நினைக்கிறது. 2012-ல் பொதுக் கட்டடங்களில் காமிரா வைப்பதைக் கட்டாயமாக்கித் தமிழக அரசு விதி செய்தது. சில ஆண்டுகள் கழித்துச் சென்னைப் போலீஸார் ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டு, ஐம்பது மீட்டருக்கு ஒன்று வீதம் வீதியெங்கும் காமிராக்களை நிறுத்தப் பொதுமக்களைத் தூண்டினார்கள். 2020-ல் சர்ஃப்ஷார்க் என்ற தனியார் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. சதுர கிலோமீட்டருக்கு 657 காமிராக்கள் என்று சொல்லி, உலக நகரங்களிலேயே சென்னைக்கு அது முதலிடம் தந்தது. நம்மில் பலர் அந்தச் செய்தியை ஒலிம்பிக் பதக்கம் போலப் படித்துப் பூரித்தோம். சிவபெருமானின் மூன்றாவது கண் பார்ப்பதற்காக அல்ல, எரிப்பதற்காகத் திறந்தது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

காமிராவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். 2016 ஜூன் 24-ந் தேதி காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த நிலையத்தில் ஒரு காமிரா கூட இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் இருந்த காமிராக்கள்தாம் போலீஸாருக்குத் துப்புக் கொடுத்தன. இதை மறுக்க முடியாது. ஆனால் அதே காலையில் பிளாட்பாரத்தில் பிரயாணிகள் இருந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. கண்களுக்கு அங்கே பஞ்சமில்லை, கைகளுக்குத்தான் பஞ்சம். நடந்ததைக் காமிரா பிறகு சொல்லும். நடக்கும்போது ஓடி வருவதற்கு மனிதன்தான் வேண்டும்.

ஆகவே வாசல் கேட்டைப் பார்க்கும் காமிராவோடு எனக்குச் சண்டை இல்லை. அது காவல். அதே காமிரா கூடத்துக்கும் சமையலறைக்கும் நகர்ந்து வரும்போது, எதிர் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பும்போது, அதன் பெயர் மாறி விடுகிறது. அது வேவு. காவல் அந்நியனைப் பார்ப்பது. வேவு நம்மோடு வாழ்கிறவர்களைப் பார்ப்பது.

நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி சொன்னாள்: “முதுகு வலிக்குதேன்னு கொஞ்சம் குந்தினா உடனே போன் வருது சார். ‘உடம்புக்கு என்ன?’ன்னு அன்பாத்தான் கேக்கறாங்க. அந்த அம்மா இருக்கிறது பெங்களூர்லே. இப்பல்லாம் நான் காபியை மாடிப் படியிலே போய்க் குடிக்கிறேன்.” அவளிடம் யாரும் கோபப்படவில்லை, கூலியைக் குறைக்கவில்லை. ஒரு வாய்க் காபியை நிம்மதியாகக் குடிக்கும் உரிமை மட்டும் அவளிடமிருந்து போய் விட்டது. இருபது வருஷம் உழைத்தவளை நம்புவதற்கு நமக்கு ஓர் இயந்திரத்தின் சாட்சி தேவைப்படுகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிள்ளை கலிபோர்னியாவில், அப்பாவும் அம்மாவும் நந்தனத்தில். லீவில் வந்த பிள்ளை, கூடத்தில் ஒன்றும் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒன்றும் மாட்டிவிட்டு விமானம் ஏறி விடுகிறான். அவன் மனத்தில் இருப்பது பாசம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. “அப்பா, ராத்திரி ஏன் மாத்திரை போட்டுக்கலை?” என்று அங்கிருந்து கேட்கிறான். எண்பது வயதில், ஊறுகாய் தொட்டுக்கொள்வதற்குக் கூடப் பயந்து சாப்பிட வேண்டிய நிலைமை! பெற்றோர் கீழே விழுந்தால் தெரிய வேண்டாமா என்றால், தெரிய வேண்டும். அவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டிய இடத்தில், அவர்கள் நினைத்தால் அணைத்துவிடக் கூடிய காமிராவாக வையுங்கள். கேட்காமல் வைத்தால் பாசமும் வேவுதான்.

“தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மிகவும் கம்பீரமான கேள்வி! கேட்கிற கனவானுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் கூடத்துக் காமிராவின் படம் உங்கள் வீட்டு வேலைக்காரியின் செல்போனிலும் தெரியும்படி செய்து விடுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், மனைவியிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்பதை அவளும் பார்க்கட்டும். தப்புத்தான் செய்யவில்லையே, என்ன பயம்? முகம் சுளிக்கிறது அல்லவா? அந்தச் சுளிப்புக்குப் பெயர்தான் மானம். அது வாடகை கொடுப்பவனுக்கும் சம்பளம் வாங்குபவளுக்கும் உண்டு.

எதிர் வீட்டுக்காரனுக்கும் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டு நகர நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒருவர் வைத்த வாசல் மணிக் காமிராவும் மற்றக் காமிராக்களும் அண்டை வீட்டுப் பெண்மணியின் நடமாட்டத்தையும் பேச்சையும் பதிவு செய்தது தவறு என்றார் நீதிபதி. படத்தைவிடத் தூரத்துப் பேச்சை ஒட்டுக் கேட்டதே அங்கே பெரிய குற்றமாகப் பட்டது. நம் நாட்டிலும் 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவர்களின் சம்மதமின்றி வசிக்கும் பகுதியில் காமிரா வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்து விட்டது.

சரி, நாம் மட்டும் பார்க்கிறோம் என்றாவது நிச்சயம் உண்டா? ரிச்சி தெருவில் பெட்டியை வாங்கி, ஒரு பையனைக் கொண்டு மாட்டச் சொல்கிறோம். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை அவன் அப்படியே விட்டுப் போகிறான். நாமும் அதை மாற்றுவதில்லை. பூட்டு வாங்கிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடும் புத்திசாலித்தனம் இது. 2016-ல் ‘மிராய்’ என்ற கள்ள நிரல் இப்படித் திறந்து கிடந்த காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றியது. அவற்றையே படையாக ஏவி, அக்டோபர் 21 அன்று ட்விட்டர் போன்ற பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கினார்கள். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் படங்கள் திருடப்பட்டு, சிகிச்சைக்கு வந்த பெண்களின் கோலம் காசுக்கு விற்கப்பட்ட கொடுமை 2025-ல் வெளியாயிற்று. ‘ரிங்’ நிறுவனத்தின் ஊழியர்களே வாடிக்கையாளர் வீட்டு அந்தரங்கப் படங்களைப் பார்த்ததாக அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2023-ல் குற்றம் சாட்டியது. அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட இசைந்தது. கண்ணை மாட்டுகிறவர் நாம். அதன் வழியாகப் பார்க்கிறவன் யாரோ!

சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். விற்பனைக்கு வரும் காமிராக்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் கட்டாயத்தை மத்திய அரசு 2025 ஏப்ரலிலிருந்து அமலாக்கியது. ஆனால் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுச் சட்டம், ஒருவர் தம் சொந்த வீட்டுக் காரியத்துக்காகச் செய்வது தனக்குக் கட்டுப்பட்டதல்ல என்று ஒதுங்கிக் கொள்கிறது. அதாவது, நம் கூடத்தில் பாத்திரக்கார அம்மாளுக்கு அந்தச் சட்டம் துணையில்லை. அங்கே துணை இருக்க வேண்டியது நம் மனச்சாட்சி ஒன்றுதான்.

மனச்சாட்சி உள்ளவர்கள் செய்யக் கூடியது அதிகமில்லை. வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாட்டியவனுடைய செல்போனிலிருந்து உங்கள் வீட்டை எடுத்து விடுங்கள். ஒலிப்பதிவை நிறுத்துங்கள். காமிராவின் முகத்தை உங்கள் கேட்டோடு குனிய வையுங்கள். எதிர் ஜன்னல் விழுந்தால் அந்தப் பகுதியைப் படத்தில் மறைக்க வசதி உண்டு. பதிவுகளைச் சில நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கூடத்திலும் சமையலறையிலும் இருப்பதைக் கழற்றுங்கள். கழற்ற முடியாத காரணம் இருந்தால், அங்கே நடமாடும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்; அவர்கள் “வேண்டாம்” என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.

காமிரா மாட்ட வருகிற பையன் ஏணியைச் சாத்தி வைத்துக்கொண்டு, “எங்கே மாட்டறது சார்?” என்று உங்களைத்தான் கேட்பான். பதில் சொல்லும் முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். உள்ளே போய், அதில் தெரியப் போகிறவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்.